கற்றைத் திரைக்கு ஆறு கேமராக்கள்: எபிக்ஸில் நான் அமைத்த விதம்

எங்கள் கூடத்தில் ஒரு சின்ன எலக்ட்ரான் முடுக்கி இருக்கிறது. நொடிக்கு 10 துடிப்பு. கற்றை போகும் குழாயில் ஆறு இடங்களில் யாக் திரைகள் உண்டு. திரையை உள்ளே இறக்கினால் எலக்ட்ரான் பட்ட இடம் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். அதைக் கேமரா படம் பிடித்து, முடுக்கிகளைக் கட்டுப்படுத்தும் எபிக்ஸ் என்ற மென்பொருள் வழியாகக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்ப வேண்டும். அங்கே இருப்பவர் அந்தப் பொட்டின் இடத்தையும் அகலத்தையும் பார்த்துத்தான் காந்தங்களைச் சரிசெய்வார்.

கேமராவை மாட்டி மானிட்டரில் படம் வர வைக்க ஒரு மதியம் போதும். அந்தப் படத்தை நம்பி அளக்கும் நிலைக்கு வர எனக்கு நான்கு மாதம் ஆனது. எந்தத் துடிப்பின் படம் இது, வழியில் ஏதாவது தொலைந்ததா, பிக்சல் எண்ணிக்கை மில்லிமீட்டரில் சரியாக மாறுகிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் இல்லாத கேமரா, வாசலில் மாட்டும் காவல் கேமராதான். இதே வேலையில் இறங்குபவர்களுக்கு அந்த நான்கு மாதத்தில் கொஞ்சமாவது மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

எந்தக் கேமரா

கிக்-ஈ விஷன் கேமரா வாங்குங்கள். 2006-இல் வந்த தரநிலை இது. சாதாரண ஈதர்நெட் கேபிளிலேயே சுருக்காத படத்தை அனுப்பும், 100 மீட்டர் வரை இழுக்கலாம். சுரங்கத்துக்குள் யூஎஸ்பி கேமரா கேபிள் நீளத்திலேயே தோற்றுவிடும். ஆர்டிஎஸ்பி வழியாக வீடியோ அனுப்பும் காவல் கேமராக்கள் மலிவுதான். ஆனால் அவை படத்தைச் சுருக்கி, தாமதமாக, தங்கள் இஷ்டப்படி வெளிச்சத்தைத் திருத்தி அனுப்பும். கதவு திறந்திருக்கிறதா, தண்ணீர் ஒழுகுகிறதா என்று பார்க்க அவை போதும். அளவுக்கு ஆகாது.

எல்லா வரிசைகளும் ஒரே நேரத்தில் திறக்கும் குளோபல் ஷட்டர் சென்சாராக இருக்க வேண்டும். யாக் ஒளி சுமார் 70 நானோநொடியில் மங்கிவிடும். ரோலிங் ஷட்டரில் வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறப்பதால் துடிப்பு வந்த நேரத்தில் பாதி வரிசைகள் மூடியிருக்கலாம். அப்புறம் எப்போது படம் எடுக்க வேண்டும் என்று வெளியிலிருந்து சொல்லும் ட்ரிக்கர் உள்ளீடு, கறுப்பு வெள்ளை சென்சார், பிஓஈ. இந்த நான்கும் இருந்தால் மற்றவை இரண்டாம்பட்சம்.

பிஓஈ இருந்தால் மின்சாரமும் அதே கேபிளில் போகும். 802.3ஏஎஃப் தரத்தில் நெட்வொர்க் சுவிட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை தரும், கேமரா முனைக்கு 12.95 வாட் கிடைக்கும். இதில் இன்னொரு பெரிய லாபம் உண்டு. கற்றை ஓடும்போது கதிர்வீச்சில் கேமரா உறைந்து போனால் சுரங்கத்துக்குள் யாரும் நுழைய முடியாது. சுவிட்சில் அந்தப் போர்ட்டின் மின்சாரத்தை அணைத்துப் போட்டால் கேமரா மறுபடி எழுந்துவிடும். அதனால் வெளியிலிருந்து கட்டுப்படுத்தக்கூடிய சுவிட்சாக வாங்குங்கள். எங்கள் கண்ட்ரோல் திரையில் ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு 'மின்சாரம்' பட்டன் இருக்கிறது. மாதத்துக்கு இரண்டு முறையாவது அதை யாரோ அழுத்துகிறார்கள்.

கேமராவைக் கற்றை செல்லும் மட்டத்திலேயே வைக்காதீர்கள். ஒரு கண்ணாடியால் ஒளியைக் கீழே திருப்பி, தரையருகே ஈயக் கட்டிகளுக்குப் பின்னால் வையுங்கள். லென்ஸின் ஃபோகஸ், ஐரிஸ் இரண்டுக்கும் பூட்டுத் திருகு இருக்கும். சரிசெய்ததும் இறுக்குங்கள். வெற்றிட பம்ப் அதிர்வில் லென்ஸ் மெல்லச் சுழன்று போனதை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் காகிதத்தில் கணக்கு

எங்கள் கேமரா 1920 × 1200 பிக்சல். ஒரு பிக்சலுக்கு ஒரு பைட் என்றால் ஒரு படம் 2.3 மெகாபைட். நொடிக்கு 10 படம் என்றால் 23 மெகாபைட். ஆறு கேமராவுக்கு 138. ஒரு கிகாபிட் இணைப்பு கோட்பாட்டளவில்கூட நொடிக்கு 125 மெகாபைட்தான் தாங்கும். இந்தக் கணக்கைப் போடாமல்தான் நான் ஆறையும் ஒரே சுவிட்சில் மாட்டினேன். ஐந்து வரை நன்றாக ஓடியது. ஆறாவதை இயக்கியதும் எல்லாப் படத்திலும் கறுப்புப் பட்டைகள்.

வழி எளிது. திரை படத்தின் நடுவில் கொஞ்ச இடத்தில்தான் இருக்கிறது. கேமராவுக்குள்ளேயே 800 × 800 பிக்சல் மட்டும் வெட்டி அனுப்பச் சொல்லுங்கள். ஒரு படம் 0.64 மெகாபைட், ஆறு கேமராவுக்கும் சேர்த்து நொடிக்கு 38. மென்பொருளிலும் ஆர்ஓஐ என்ற பெயரில் வெட்டும் வசதி இருக்கிறது. ஆனால் அது படம் கணினிக்கு வந்து சேர்ந்த பிறகு வெட்டுவது, நெட்வொர்க்குக்கு எந்த உதவியும் இல்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் புதிதாக வருபவர்கள் இங்கே குழம்புகிறார்கள்.

சராசரி சரியாகிவிட்டது, ஆனால் வேலை முடியவில்லை. ஆறு கேமராவும் ஒரே ட்ரிக்கரில் படம் எடுக்கின்றன. அதாவது ஒரே கணத்தில் ஆறும் முழு வேகத்தில் அனுப்பத் தொடங்குகின்றன. சுவிட்சுக்குள் 6 கிகாபிட் வேகத்தில் வருகிறது, கணினிக்கு 1 கிகாபிட் வேகத்தில் போகிறது. ஐந்து மில்லிநொடியில் 3.84 மெகாபைட் வந்துவிடும், அதற்குள் 0.64 தான் வெளியேறியிருக்கும். மீதி 3.2 மெகாபைட்டைச் சுவிட்ச் எங்காவது வைத்திருக்க வேண்டும். சிறிய சுவிட்சுகளில் அவ்வளவு இடம் கிடையாது. இடம் நிரம்பியதும் பாக்கெட்டுகளை, அதாவது கம்பியில் வரும் படத்தின் துண்டுகளை, சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். சராசரிப் பயன்பாடு முப்பது சதவீதம்தான் என்று சுவிட்ச் காட்டும்போதே படம் தொலைகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இதற்கு மருந்து, பாக்கெட்டுகளுக்கு நடுவே இடைவெளி விடுவது. கேமராவில் 'பாக்கெட் டிலே' என்ற அமைப்பு இருக்கும். 9000 பைட் பாக்கெட் ஒன்று கிகாபிட் கம்பியில் போக 72 மைக்ரோநொடி ஆகும். நம்முடைய ஒரு பாக்கெட்டுக்குப் பின் மற்ற ஐந்து கேமராக்களும் ஆளுக்கொன்று அனுப்ப 360 மைக்ரோநொடி வேண்டும். கொஞ்சம் தாராளமாக 450 வைத்தேன். ஒரு படம் 72 பாக்கெட், ஒவ்வொன்றுக்கும் 522 மைக்ரோநொடி, ஆக மொத்தம் 38 மில்லிநொடிக்குள் படம் வந்துவிடும். அடுத்த துடிப்புக்கு 100 மில்லிநொடி இருக்கிறதே, போதும். பிக்சலுக்கு இரண்டு பைட் என்று மாற்றினாலும் 75 மில்லிநொடிதான்.

ஒரு எச்சரிக்கை. இந்த டிலேயை மைக்ரோநொடியில் கேட்காது, கேமராவின் உள்கடிகாரத் துடிப்பில் கேட்கும். ஒரு மாடலில் ஒரு துடிப்பு 8 நானோநொடி, இன்னொன்றில் 1 நானோநொடி. 450 மைக்ரோநொடிக்கு முதலாவதில் 56250, இரண்டாவதில் 450000. ஒரே எண்ணை எல்லாக் கேமராவுக்கும் நகலெடுக்காதீர்கள்.

பணம் இருந்தால் கணினிக்குப் போகும் இணைப்பை மட்டும் 10 கிகாபிட் ஆக்கிவிடலாம். அப்போது இந்த நெரிசலே இல்லை. எங்களுக்கு அந்த ஆண்டு பட்ஜெட்டில் இடமில்லை.

நெட்வொர்க்

கேமராக்களுக்குத் தனி நெட்வொர்க் வேண்டும். கிக்-ஈ விஷனில் கடவுச்சொல் என்ற பேச்சே இல்லை. அதே நெட்வொர்க்கில் இருக்கும் யார் வேண்டுமானாலும் கேமராவைப் பிடித்துக்கொள்ளலாம். அலுவலக நெட்வொர்க்கில் போட்டால் ஒருநாள் எவரோ தன் மடிக்கணினியில் கேமரா மென்பொருளைத் திறந்து பார்ப்பார், உங்கள் கட்டுப்பாடு போய்விடும். எங்கள் கணினியில் இரண்டு நெட்வொர்க் கார்டு. ஒன்று கேமரா பக்கம், 192.168.50 வரிசை. இன்னொன்று கண்ட்ரோல் அறைப் பக்கம், வேறு வரிசை. இரண்டு கார்டுக்கும் ஒரே வரிசை முகவரி கொடுத்தால் பாக்கெட் எந்த வழியாகப் போகும் என்று சொல்ல முடியாது.

ஒவ்வொரு கேமராவிலும் நிலையான ஐபி முகவரியை எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் அது முகவரி வழங்கும் டிஎச்சிபியைத் தேடும், அதுவும் இல்லையென்றால் 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தானே வைத்துக்கொள்ளும், அது மாறவும் கூடும். நாங்கள் முகவரியின் கடைசி எண்ணைத் திரையின் எண்ணோடு பொருத்திக்கொண்டோம். மூன்றாம் திரை 103, நான்காம் திரை 104. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் தேடுபவருக்கு இது பெரிய உபகாரம். மேக் முகவரியைக் கேமராவின் முதுகில் ஸ்டிக்கராக ஒட்டுங்கள்.

ஜம்போ ஃபிரேம், அதாவது 9000 பைட் பாக்கெட், கேமரா, சுவிட்ச், நெட்வொர்க் கார்டு மூன்றிலும் இயக்கப்பட்டிருக்க வேண்டும். கேமரா 9000 பைட் அனுப்பும்போது மற்ற இரண்டில் ஒன்றில் விட்டாலும் படம் வராது. ஆனால் கேமரா மட்டும் பட்டியலில் தெரியும், ஏனென்றால் கட்டளைப் பாக்கெட்டுகள் சிறியவை. 'கேமரா தெரிகிறது, படம் வரவில்லை' என்று யாராவது சொன்னால் முதலில் இதைப் பாருங்கள். சுவிட்சின் மறுமுனையில் ஒரு மடிக்கணினியை மாட்டி, துண்டாக்காமல் 8972 பைட் பிங் அனுப்பிச் சோதிக்கலாம். 28 பைட் தலைப்புக்குப் போகும்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது ஃபயர்வால். கட்டளைகள் யூடிபி 3956 போர்ட்டில் போகும், படமோ வேறு போர்ட்டுகளில் வரும். கேமரா பக்கத்துக் கார்டில் ஃபயர்வாலை முழுவதும் திறந்துவிடுங்கள், அது தனி நெட்வொர்க்தானே. மூன்றாவது, லினக்ஸ் கர்னலின் ரிசீவ் பஃபர் உச்சவரம்பு. வழக்கமாக 212992 பைட்தான் இருக்கும், ஒரு படம்கூட அதில் அடங்காது. நான் 32 மெகாபைட் ஆக்கியிருக்கிறேன்.

கேபிள் விஷயத்தில் ஒன்று. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். எங்கள் கூடம் கடலிலிருந்து அதிக தூரம் இல்லை. உப்புக் காற்றில் ஒரு முனையில் பச்சை பிடித்து, ஐந்தாம் கேமரா தானாகவே 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது. படம் வந்துகொண்டுதான் இருந்தது, துண்டு துண்டாக. இப்போது ஒவ்வொரு போர்ட்டின் வேகத்தையும் எபிக்ஸில் காட்டி, 1000-க்குக் கீழே போனால் அலாரம் அடிக்க வைத்திருக்கிறேன்.

எபிக்ஸ் பக்கம்

அமெரிக்காவின் லாஸ் அலமோஸ், ஆர்கான் ஆய்வகங்களில் பிறந்த எபிக்ஸ் இன்று உலகெங்கும் முடுக்கிகளை ஓட்டுகிறது. அதில் கேமராக்களுக்கான பகுதி ஏரியா டிடெக்டர், சிகாகோ பல்கலைக்கழகத்தின் மார்க் ரிவர்ஸ் எழுதியது. கிக்-ஈ கேமராவுக்கு அதில் ஏடி-அராவிஸ் என்ற டிரைவர் இருக்கிறது. அராவிஸ் என்ற திறந்த மூல நூலகத்தின்மேல் ஓடுவதால் எந்த நிறுவனத்தின் கேமரா என்று பெரிதாகப் பார்க்க வேண்டியதில்லை.

முதலில் எபிக்ஸை மறந்துவிட்டு, அராவிஸோடு வரும் வியூவரில் ஆறு கேமராவும் தெரிகின்றனவா, படம் வருகிறதா என்று பாருங்கள். இங்கே வராத படம் எபிக்ஸில் வராது. சரி, வந்துவிட்டது என்றால் வியூவரை மூடிவிடுங்கள். ஒரு கேமராவை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் கட்டுப்படுத்த முடியும். வியூவரைத் திறந்து வைத்துவிட்டு ஐஓசி, அதாவது கேமராவை ஓட்டும் எபிக்ஸ் நிரல், ஏன் இணையவில்லை என்று அரை நாள் தேடிய ஆய்வு மாணவரை எனக்குத் தெரியும். ஐஓசி திடீரென்று செத்துப்போனாலும் கேமரா உடனே விடுபடாது. இதயத்துடிப்பு போலச் சின்னச் சின்னச் செய்தி வந்துகொண்டிருக்கிறதா என்று வழக்கமாக 3 நொடி பார்த்துவிட்டுத்தான் விடும். அதனால் ஐஓசியைத் தானாக எழுப்பும் புராக்சர்விடம் ஐந்து நொடி பொறுத்து எழுப்பச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு மாடலுக்கும் அதன் அமைப்புகளின் பட்டியல் கேமராவுக்குள்ளேயே ஒரு எக்ஸ்எம்எல் கோப்பாக இருக்கிறது. அராவிஸின் கருவியால் அதை இறக்கி, ஏரியா டிடெக்டரின் இன்னொரு பகுதியான ஏடி-ஜென்ஐகேமோடு வரும் பைத்தான் ஸ்கிரிப்டுக்குக் கொடுத்தால் அந்த மாடலுக்கான எபிக்ஸ் டேட்டாபேஸும் திரைகளும் உருவாகிவிடும். வேறு மாடலின் கோப்பை வைத்து ஓட்டாதீர்கள். பாதி அமைப்புகள் வேலை செய்வது போலத் தெரியும், மீதி ஏமாற்றும்.

ஒரு கேமராவுக்கு ஒரு ஐஓசி வையுங்கள். ஆறையும் ஒரே ஐஓசியில் போட்டால் ஒன்றுக்காக மறுபடி தொடங்கும்போது ஆறும் போகும்.

வந்த படத்தை வைத்து வேலை செய்யும் ஏரியா டிடெக்டரின் துணை நிரல்களான பிளகின்கள் எல்லாம் தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். எனக்கு வேண்டியவை மூன்று. பொட்டின் மையத்தையும் அகலத்தையும் கணக்கிடும் ஸ்டேட்ஸ், கோப்பாகச் சேமிக்கும் எச்டிஎஃப்5, கண்ட்ரோல் அறைக்குப் படத்தை அனுப்பும் பிவிஏ. எபிக்ஸின் பழைய நெறிமுறையான சேனல் ஆக்ஸஸ் வழியாகப் படம் அனுப்பினால், பழைய எபிக்ஸ் பதிப்புகளில் 16384 பைட்டுக்கு மேல் போகாத உச்சவரம்பு ஒன்று குறுக்கே நிற்கும். அதை அனுப்பும் கணினியிலும் பார்க்கும் கணினியிலும் உயர்த்த வேண்டும். எபிக்ஸ் 7-இல் பிவிஏ வைத்தால் அந்தத் தலைவலி இல்லை, படத்தின் நீள அகலமும் கூடவே வரும். மனிதர்கள் பார்க்கும் படத்துக்கு நொடிக்கு இரண்டு போதும், பிவிஏ பிளகினில் குறைந்தபட்ச இடைவெளியை 0.5 நொடி என்று வைத்துவிடுங்கள். கணக்கிடும் ஸ்டேட்ஸுக்கு மட்டும் பத்தும் போகட்டும்.

இழப்பு இரண்டு வகை என்பதைக் கண்ட்ரோல் அறையில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். டிரைவர் பக்கத்தில் தவறிய பாக்கெட், மறுபடி கேட்டு வாங்கிய பாக்கெட் என்ற எண்ணிக்கைகள் ஏறினால் நெட்வொர்க்கில் கோளாறு. பிளகின் பக்கத்தில் விடுபட்ட படங்கள் ஏறினால் கணினி கணக்கிட முடியாமல் திணறுகிறது. முன்னதற்குக் கேபிளையும் டிலேயையும் பாருங்கள், பின்னதற்கு வரிசையின் நீளத்தையும் வேலையின் அளவையும். எங்கள் திரையில் இந்த எண்களைப் படத்துக்கு நேர் கீழே வைத்திருக்கிறேன். பூஜ்யமாக இருக்கும் வரைதான் மேலே இருக்கும் படத்துக்கு மதிப்பு.

அளவு

தானியங்கி எக்ஸ்போஷர், தானியங்கி கெயின், காமா மூன்றையும் அணையுங்கள். கெயின் 0 டெசிபல். கறுப்பு மட்டத்தைச் சற்று உயர்த்தி, இருட்டுப் படத்தில் பிக்சல்கள் பூஜ்யத்துக்கு மேலே நான்கைந்தில் நிற்கும்படி செய்யுங்கள். பூஜ்யத்திலேயே நின்றால் கற்றையின் மங்கிய ஓரங்கள் வெட்டுப்பட்டு அகலம் குறைத்துக் காட்டும். மாறாக, நடுவில் பிக்சல்கள் உச்ச மதிப்பான 255-ஐத் தொட்டால் உச்சி மழுங்கி அகலம் கூடித் தெரியும். ஸ்டேட்ஸ் தரும் அதிகபட்ச மதிப்பு 240-ஐத் தாண்டினால் எங்கள் திரையில் அகலத்தின் எண் சிவப்பாகிவிடும்.

ட்ரிக்கர், கற்றைக்கு 100 மைக்ரோநொடி முன்பே வரும்படி வைத்து, எக்ஸ்போஷர் 1 மில்லிநொடி கொடுத்தேன். சுரங்க விளக்குகளை அணைத்துவிட வேண்டும்.

பிக்சலை மில்லிமீட்டராக மாற்றுவதில்தான் நான் பெரிய தவறு செய்தேன். திரையின் சட்டத்தில் 10 மில்லிமீட்டர் இடைவெளியில் புள்ளிகள் பொறித்திருக்கும். செங்குத்தாக அந்தப் புள்ளிகளுக்கிடையே 412 பிக்சல், அதாவது ஒரு பிக்சல் 24.3 மைக்ரான். கிடையாக 291 பிக்சல், அப்படியானால் 34.4 மைக்ரான் என்று எழுதிக்கொண்டேன். ஆனால் திரை கற்றைக்கு 45 டிகிரி சாய்ந்து நிற்கிறது, கேமரா பக்கவாட்டில் 90 டிகிரியில் பார்க்கிறது. சாய்ந்த திரையில் 10 மில்லிமீட்டர் என்பது கற்றையின் குறுக்கே 7.07 மில்லிமீட்டர்தான். அதை 291-ஆல் வகுத்தால் அதே 24.3 வருகிறது. மூன்று வாரம் கிடை அகலத்தை 1.41 மடங்கு கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த எண்ணை நம்பிக் கற்றையை இறுக்கப் பாடுபட்டவர்களிடம் போய் நேரில் சொன்னேன், பதிவேட்டிலும் அந்தத் தேதிகளைக் குறித்தேன். உங்கள் திரை எந்த அச்சில் சாய்ந்திருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு மாற்று எண்ணை எழுதுங்கள்.

எல்லாம் சேர்ந்து ஓடுகிறதா

ஐஓசி படத்தின்மேல் போடும் நேரம், படம் கணினிக்கு வந்து சேர்ந்த நேரம். படம் எடுத்த நேரம் அதற்கு முன்னால். ஆறு கேமராவின் படங்களும் ஒரே துடிப்பைச் சேர்ந்தவைதானா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. பிடிபி நேர ஒத்திசைவு உள்ள கேமரா என்றால் நல்லது. எங்களிடம் அது இல்லை, எனவே எண்ணிக்கையை நம்புகிறோம். அதற்கு நான் செய்யும் சோதனை இது. ஒவ்வொரு திரையருகிலும் ஒரு சின்ன எல்ஈடி, அதே ட்ரிக்கரில் மின்னும். ஒவ்வொரு பத்தாவது துடிப்பிலும் மட்டும் எல்ஈடி மின்னாது, ஆனால் கேமரா படம் எடுக்கும். ஆயிரம் படம் சேமித்துப் பாருங்கள். ஆறு கோப்பிலும் இருட்டுப் படங்கள் ஒரே எண்ணில் வர வேண்டும். ஒரு கேமராவில் இருட்டு 40-க்குப் பதில் 39-இல் வந்தால் நடுவில் ஒரு படம் காணாமல் போயிருக்கிறது. முதல் முறை செய்தபோது இரண்டாம் கேமரா 600-க்கு அப்புறம் ஒன்று பின்தங்கியது. பாக்கெட் டிலேயைத் தவறான அலகில் கொடுத்திருந்தேன்.

எல்லாம் சரியானதும், அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ஆட்டோசேவ் கோப்புகளை வேறு கணினியில் நகலெடுத்து வையுங்கள். அலுவலகத்திலிருந்து படம் பார்க்க விரும்புபவர்களுக்கு, படிக்க மட்டும் அனுமதிக்கும் கேட்வே ஒன்று போதும். கேமராப் பக்கத்து நெட்வொர்க்குக்கு எந்தக் கதவும் வேண்டாம்.

கேமரா ஒன்றை மாற்றும் நாளுக்காக, அதே மாடலில் ஒன்றை ஐபி எழுதாமல் அலமாரியில் வைத்திருக்கிறோம். எங்கள் டெக்னீஷியன் அண்ணன் அதன் பெட்டிக்குள் ஒரு அட்டை வைத்திருக்கிறார்: பழையதன் ஐபியை எழுது, ஸ்டிக்கர் ஒட்டு, ஐஓசியை எழுப்பு, டிலே சரியா பார், புள்ளிகளை மறுபடி அள, எல்ஈடி சோதனை ஆயிரம் படம். கடைசி வரியில் தேதியும் கையெழுத்தும் போட இடம் விட்டிருக்கிறார். இதுவரை நான்கு கையெழுத்து விழுந்திருக்கிறது.